ஒரே குண்டு, கடைசி அரை மணி வெளிச்சம்

அமெரிக்காவின் அயோவா மாநிலம். ஜனவரி முதல் வாரம், மாலை நாலே கால். அறுவடை முடிந்த மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில், பத்தடி உயரத்தில் பலகை அடித்த ஒரு பரண். அதற்குள் ஒருவர் மதியத்திலிருந்து அசையாமல் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே உறைநிலைக்குப் பதினைந்து டிகிரி கீழே. தெர்மாஸில் காப்பி தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. மரக்கூட்டத்திலிருந்து முதலில் இரண்டு பெண் மான்கள் தலை நீட்டுகின்றன. பின்னாலேயே குட்டிகள். பிறகு இன்னும் நாலைந்து. பனிக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் தட்டைகளுக்கு நடுவே, சிந்திக் கிடக்கும் கதிர்களைக் குளம்பால் கிளறிக் கிளறி மேய ஆரம்பித்துவிட்டன.

அவர் காத்திருக்கும் கொம்பன் இன்னும் வரவில்லை. அது கடைசியில்தான் வரும். சூரியன் ஐந்து மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும். மறைந்த பிறகு அரை மணி நேரம் வரை சுடலாம் என்பது மாநில விதி. கையிலிருக்கும் துப்பாக்கியில் இருப்பதோ ஒரே ஒரு குண்டு. அது பிசகினால், மறுபடி மருந்து போட்டு, குண்டைத் திணித்து நிமிர்வதற்குள் காடே காலியாகிவிடும்.

அந்தத் துப்பாக்கிக்கு அங்கே மசில்லோடர் என்று பெயர். குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இறக்கி, கோலால் இடித்து உட்கார வைப்பது. நமக்கு ஒன்றும் அந்நியமான சாமான் இல்லை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்’ என்று வருவதும், ஈழத்தில் ‘இடியன் துவக்கு’ என்று சொல்வதும் இதே குலம்தான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். அயோவாவின் கதை வேறு. குடியேறியவர்கள் சுட்டுத் தீர்த்ததில், 1898-இல் அங்கே மான் வேட்டையையே சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்தது. மான்கள் மறுபடி பெருகி, விளைச்சலில் வாய் வைக்கத் தொடங்கியபின் 1953-இல்தான் மீண்டும் வேட்டைப் பருவம் திறந்தது. எந்த ஆயுதம், எந்தத் தேதி, எத்தனை மான் என்று இன்று எல்லாமே உரிமச் சீட்டுக் கணக்கு. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் கலால் வரி, 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது.

அயோவாவில் வில் வேட்டை அக்டோபரில் தொடங்கும். அதே மாதத்தில் முன்பருவ மசில்லோடர் வேட்டையும் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு மாநிலம் முழுவதற்குமாக 7,500 சீட்டுதான். டிசம்பரில் ஷாட்கன்காரர்கள் இரண்டு கட்டமாக இறங்குவார்கள். அந்த வெடிச்சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி 10 வரை நடப்பதுதான் பின்பருவ மசில்லோடர் வேட்டை. வெளிமாநிலத்தார் கொம்பன் வேட்டைக்கு இங்கே வர விரும்பினால் ஆண்டுக்கு 6,000 சீட்டுக்குள் குலுக்கல். பெயர் விழ வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

இவ்வளவு காத்திருந்து, உடம்பு விறைக்கும் குளிரில் ஏன் போகிறார்கள்? நவம்பரில் இணைசேரும் காலம். அந்தச் சில வாரங்களில் கொம்பன் தீனியை மறந்து ஓடி அலைந்து, உடல் எடையில் கால் பங்கு வரை இழந்துவிடும். குளிர் உச்சத்துக்கு வரும்போது அதற்குக் கொழுப்பு வேண்டும். பசி அதை மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் இழுத்து வருகிறது. ஆனால் ஒரு மாதம் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகிய விலங்கு அது. மரநிழலிலேயே நின்று, மற்ற மான்களை முன்னால் அனுப்பிவிட்டு, வெளிச்சம் வடியும் நேரத்தில்தான் வெட்டவெளியில் கால் வைக்கும். ஆக, பின்பருவத்தில் துப்பாக்கிக்கும் அதன் மேல் உட்காரும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கும் இரண்டே தேர்வு: மணிக்கணக்கில் குளிரிலும் பனியிலும் கிடந்தபின் முதல் தட்டிலேயே வெடிக்குமா? இருட்டுகிற நேரத்தில் மானின் தோள் தெரியுமா? கடைகளிலோ ‘எத்தனை கெஜம் போகும்’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. விளம்பரங்களும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன.

கடைக்குப் போகுமுன் படிக்க வேண்டிய புத்தகம் ஒன்று இருக்கிறது: மாநில வேட்டை விதிகள். மசில்லோடர் விஷயத்தில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் ஐம்பது விதமாகப் பேசும். அயோவாவில் குண்டின் விட்டம் 0.44 அங்குலத்திலிருந்து 0.775 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்கோப் மாட்டிக்கொள்ளலாம். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பின்பருவத்துக்குச் சக்கிமுக்கிக் கல் தட்டி நெருப்பு வரும் ஃபிளின்ட்லாக் துப்பாக்கி மட்டும்தான். 1974-இலிருந்து அதே பிடிவாதம். கொலராடோவின் மசில்லோடர் பருவம் இலையுதிர்காலத்துக்கு முன்பே செப்டம்பரில் வந்துபோய்விடும். அங்கே ஸ்கோப்பும் கூடாது, குண்டுக்குப் பிளாஸ்டிக் உறையும் கூடாது, மாத்திரை வடிவ மருந்தும் கூடாது.

யூட்டாவின் கதை இன்னும் வேடிக்கை. 2016-இல் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புகளை அனுமதித்தார்கள். கடைக்காரர்கள் விற்றார்கள், வேட்டைக்காரர்கள் வாங்கினார்கள், 300 கெஜம் 400 கெஜம் என்று பேச்சு வளர்ந்தது. 2024-இல் அனுமதியை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அதே 2024-இல் அதுவரை தடுத்து வைத்திருந்த மினசோட்டா, மசில்லோடர் பருவத்தில் ஸ்கோப் மாட்டிக்கொள்ளலாம் என்றது. ஒரு மாநிலம் கழற்றச் சொன்ன ஆண்டிலேயே இன்னொரு மாநிலம் மாட்டச் சொல்லியிருக்கிறது! போன வருடத்து விதிப் புத்தகத்தை நம்பி இந்த வருடம் கிளம்புகிறவர் அபராதச் சீட்டோடு திரும்பக்கூடும்.

இந்தச் சண்டைக்கெல்லாம் ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. மசில்லோடர் பருவம் என்று தனியாக ஒதுக்கியதே பழைய முறைக்கு மரியாதை செய்யத்தான். மலைவாழ் வேட்டைக்காரர் கோலத்தில், வட்டக் குண்டும் கரிமருந்துமாகப் போனார்கள். அந்தத் துப்பாக்கிகளில் தட்டி நெருப்பு மூட்டும் குதிரை குழலுக்குப் பக்கவாட்டில் இருக்கும்; நெருப்பு ஒரு மூலை திரும்பி உள்ளே போக வேண்டும். மூலை திரும்பும் இடத்தில் கொஞ்சம் ஈரமோ கசடோ இருந்தால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு கதை முடிந்தது. மிசூரி மாநிலத்துத் துப்பாக்கிக் கொல்லர் டோனி நைட் 1985-இல் எம்.கே-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். எம்.கே. என்பது அவர் மகள் மிஷெல் நைட்டின் பெயரின் முதலெழுத்துகள். நெருப்பு வரும் வழியைக் குழலுக்கு நேர் பின்னால் கொண்டுவந்து வைத்ததுதான் அவர் செய்த வேலை. நெருப்பு நேரே மருந்தில் போய் இறங்கியது. மருந்து அறையின் பின்மூடியைக் கழற்றிக் குழலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பார்த்துத் துடைக்கவும் முடிந்தது. ‘இது மசில்லோடரே இல்லை’ என்று பழைய கட்சி இன்றும் முணுமுணுக்கிறது. ஆனாலும் இன்று கடையில் விற்பவற்றில் பெரும்பகுதி இந்த இன்லைன் வகைதான்.

பென்சில்வேனியா மாதிரி விதி கட்டிப்போடாத மாநிலத்தில், பின்பருவத்துக்கு இன்லைனை விட்டு வேறு எதையும் வாங்குவது ஆசைக்காக வாங்குவதுதான். ஆசை தப்பில்லை. நாலு அடி நீளக் குழலும் மேப்பிள் மரக் கட்டையுமாக, லங்காஸ்டர் பக்கத்து ஜெர்மானியக் கொல்லர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த நீள ரைஃபிளின் நகலைக் கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் மனம் சாயும். விசையை இழுத்ததும் கல் இரும்பில் உரசும். பூட்டிலுள்ள சிறு கிண்ணத்து மருந்து முகத்துக்கு முன்னால் பளிச்சென்று எரியும். அதற்கு அப்புறம்தான் குழல் வெடிக்கும். அந்தக் கண்ணிமைப்பு நேரத்தில் கை ஆடாமல் இருக்கப் பழகுவதற்கே சில வருடம் ஆகும். பனி விழுந்தால் கிண்ணத்து மருந்து கூழாகிவிடும் என்று, பூட்டுக்கு மேலே தோல் உறை ஒன்றைக் கட்டுவார்கள். அதற்குப் பெயர் ‘பசு முட்டி’.

இன்லைன் என்று முடிவானால் விலைச்சீட்டுக்கு ஏற்ப நிறைய பெயர்கள். சி.வி.ஏ. என்ற நிறுவனத்தின் பெயர் விரிவில் கனெக்டிகட் இருக்கும்; துப்பாக்கி வருவது ஸ்பெயினிலிருந்து. அதன் ‘வுல்ஃப்’ 24 அங்குலக் குழலோடு வரும் அடிமட்ட விலைக்காரன். ‘ஆப்டிமா’ 26 அங்குலம், அடுத்த படி. டிரடிஷன்ஸ், நைட், தாம்ப்சன்/சென்டர் என்று மற்றவர்களும் உண்டு. ஒருவர் அடிமட்ட விலைத் துப்பாக்கியை வாங்கிவிட்டு வெட்கப்பட வேண்டியதில்லை. மானின் தோளுக்கு 100 கெஜத்தில் அதன் துல்லியம் தாராளம். காசைக் கூட்டிப் போடுவதானால் மூன்று விஷயத்துக்குப் போடலாம். முதலாவது, துருப்பிடிக்காத எஃகுக் குழல். கரிமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, சாதாரண எஃகை ஒன்றிரண்டு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். இரண்டாவது, கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றக்கூடிய பின்மூடி. மூன்றாவதை யாரும் கடையில் சோதித்துப் பார்ப்பதில்லை: தடித்த கையுறை போட்ட விரல் விசைக்கூட்டுக்குள் நுழைகிறதா என்பது.

குழலின் விட்டம் 0.50 அங்குலம் என்பது ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட அளவு. உள்புரி 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். நீண்ட குண்டுக்கு அந்தச் சுழற்சி வேண்டும். வட்டக் குண்டு சுடும் பழைய வகையில் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகத் திரும்பும். 0.45 விட்டத்துத் துப்பாக்கிகள் இப்போது தட்டையாக, தூரமாகப் போகும் என்று கொடிகட்டுகின்றன. உண்மைதான். ஆனால் ஊர்ப்பக்கத்துக் கடையில் குண்டும் மருந்தும் தீர்ந்து போகும் டிசம்பரில் எது கிடைக்கும் என்று கேட்டால் 0.50-க்கானதுதான் கிடைக்கும்.

மருந்துக்கு வருவோம், ஏனென்றால் பின்பருவத்தில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான். பழைய கரிமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. சுட்டால் வெள்ளைப் புகையும் அழுகிய முட்டை நாற்றமும். பிறகு அதற்கு மாற்றாகப் பைரோடெக்ஸ் வந்தது. டிரிபிள் செவன் வந்தது. டிரிபிள் செவன் கரிமருந்தைவிடக் காரம் கூடியது, தண்ணீரிலேயே கழுவலாம். ஆனால் சுட்டதும் குண்டு உட்காரும் இடத்துக்கு அருகே குழலுக்குள் கெட்டியான கசடு வளையம் ஒன்றை விட்டுவைக்கும். ஈரத்துணி விட்டுத் துடைக்காமல் அடுத்த குண்டை இறக்கினால் பாதியில் இறுகும். பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்து விலையில் எல்லாவற்றையும்விடக் கூடுதல். அது ஈரத்தை இழுக்காது, கசடும் குறைவு. குளிர்காலப் பரணில் நாலு மணி நேரம் உட்காருகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும். ஒரு நிபந்தனை: அது சோம்பேறி மருந்து. நெருப்பு மூட்டும் பழைய சிறு கேப்புகளுக்கு மசியாது. ஷாட்கன் தோட்டாவில் போடும் 209 பிரைமரிலும் சூடு கூடிய வகையைப் போட்டால்தான் பிடிக்கும். பின்மூடியின் நெருப்புத் துளைக்குள் கரி படிந்து அடைத்துக்கொண்டாலும் தாமதமாகப் பிடிக்கும். அல்லது பிடிக்காமலே போகும். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் கால் அங்குலத்தில் பாதி அளவுள்ள துளையூசியைக் கையால் திருகி அந்தக் கரியைச் சுரண்டி எடுப்பார்கள்.

அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த மருந்துகளையெல்லாம் படி போட்டு அளப்பது வழக்கம், நிறுப்பது இல்லை. ‘100 கிரெயின்’ என்றால் 100 கிரெயின் கரிமருந்து கொள்ளும் இடம் என்று பொருள். அந்த இடத்தில் பிளாக்ஹார்னைக் கொட்டித் தராசில் வைத்தால் ஏறக்குறைய 70 கிரெயின்தான், நாலரை கிராம். தெரியாமல் ஒருவர் தராசில் 100 நிறுத்துப் போட்டால், தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவையும் தாண்டிவிடுவார். புகையில்லா நவீன ரைஃபிள் மருந்தை இந்தக் குழலில் போட்டால் குழல் பிளந்து கை போகும். அதற்கென்றே கட்டிய சில துப்பாக்கிகள் தவிர வேறு எதிலும் அதன் வாசனைகூடப் படக் கூடாது.

பரணுக்குக் கிளம்புமுன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மருந்து திணிப்பதைப் பார்த்தால் ஒரு சடங்கு மாதிரி இருக்கும். முதலில் காலிக் குழலில் ஒரு பிரைமரை மட்டும் போட்டு, வாயைப் பனித்தரைக்கு அருகே பிடித்து வெடிப்பார்கள். பனித்தூள் பறந்தால் வழி திறந்திருக்கிறது. சேமிப்பு எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்துவிட்டது. பிறகு அளந்த மருந்து. குழலை உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்த குண்டை வாயில் வைத்து, குட்டைக்கோலால் ஓர் அழுத்து. அப்புறம் நீளக்கோலால் ஒரே சீராக அடிவரை. கடுங்குளிரில் இந்தப் பிளாஸ்டிக் உறை விறைத்துப்போய் இறங்க அடம்பிடிக்கும் என்பதால், இரண்டாவது வெடிக்கான குண்டைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வார்கள். நீளக்கோலில் ஒரு கோடு கீறியிருக்கும். குண்டு சரியாக மருந்தின் மேல் உட்கார்ந்தால் கோடு குழல் வாயோடு பொருந்தும். கோடு மேலே நின்றால் குண்டு பாதியில் நிற்கிறது, அல்லது மருந்தை இரண்டு தடவை போட்டாகிவிட்டது. இரண்டுமே ஆபத்து. கடைசியாகக் குழல் வாயின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். பனியும் ஈரமும் உள்ளே போகாது. சுடும்போது குண்டு தொடுமுன்பே முன்னால் தள்ளப்படும் காற்று டேப்பைக் கிழித்துவிடும், குறி மாறாது. சில காசு பெறும் இந்த டேப், பல நூறு டாலர்த் துப்பாக்கியைக் காப்பாற்றுகிறது.

வேட்டை கிடைக்காமல் இரவு வீடு திரும்பினால் என்ன செய்வது? குளிர்ந்து கிடக்கும் இரும்பைக் கணப்புச் சூடான கூடத்துக்குள் கொண்டுவந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மாதிரி வியர்க்கும். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும். அந்த ஈரம் இரவோடு இரவாக மருந்தில் இறங்கி, மறுநாள் மாலை கொம்பன் எதிரில் நிற்கும்போது ‘டிக்’ என்று பதில் சொல்லும். ஆகவே பிரைமரை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை வெளியே, சூடில்லாத கொட்டகையில் பூட்டி வைப்பதுதான் முறை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதுவும் வேண்டாம். சுட்டுக் காலி செய்துவிட்டு வருவதே நல்லது.

குண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.50 குழலில் 250 கிரெயின், அதாவது 16 கிராம் எடையுள்ள குண்டு சாதாரணம். ஈயமா செம்பா என்பதில் இப்போது யோசிக்க இன்னொரு காரணம் இருக்கிறது. சுட்ட மானின் குடலை வேட்டைக்காரர்கள் காட்டிலேயே விட்டு வருவார்கள். ஈயக்குண்டு உடைந்து சிதறிய துகள்கள் அதில் இருக்கும். அயோவாவின் கிழக்கு எல்லையில் மிசிசிப்பி ஆற்றின் மதகுகளுக்குக் கீழே, தண்ணீர் உறையாத இடங்களில், குளிர்காலம் முழுக்க வெண்தலைக் கழுகுகள் கூடும். அவை அந்தக் குடலைத் தின்னும். 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைப் பரிசோதித்தது. வெண்தலைக் கழுகு, பொன்கழுகு இரண்டு இனத்திலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் நாள்பட்ட ஈய நச்சு இருந்தது. கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக்குண்டையே தடை செய்துவிட்டது. அயோவாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் பருவம் முழுவதற்கும் ஒருவர் மான் மேல் சுடப்போவது ஒன்றோ இரண்டோ குண்டு. அதற்குச் செம்பில் வாங்கினால் எவ்வளவு கூடிவிடப் போகிறது?

இனி ஸ்கோப். இங்கேதான் பணம் தவறான இடத்துக்குப் போகிறது. 24 மடங்கு பெரிதாக்கும், கோபுரம் மாதிரி திருகு வைத்த தூரச் சுடல் ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 250 கிரெயின் குண்டு 100 கிரெயின் மருந்தில் நொடிக்கு 1,800, 1,900 அடி வேகத்தில் கிளம்பும். 100 கெஜத்துக்குக் குறி பொருத்தியிருந்தால் 150 கெஜத்தில் அரை அடிக்குள் இறங்கும். 200 கெஜத்தில் ஒரு சாணையும் தாண்டி, ஓர் அடிக்குச் சமீபமாகவோ சற்று மேலாகவோ விழும். அயோவா வெட்டவெளியில் எப்போதும் காற்று உண்டு. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே அடித்தால், அதே 200 கெஜத்தில் குண்டை ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. ஆக 24 மடங்கு பெரிதாக்கினாலும், தவறப்போகும் இடம்தான் பெரிதாகத் தெரியும்.

3-9×40 என்று எழுதியிருக்கும் எளிய ஸ்கோப் போதும். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்ணிலும் பின்பருவத்தின் சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். ஒன்பது மடங்கில் 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். ஆறு மடங்குக்கு இறக்கினால் 6.7. இருட்டில் இளவட்டத்தின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவருக்கு 5 வாக்கில் நின்றுவிடும். ஐந்தேகால் மணிக்கு ஒன்பது மடங்கில் மங்கலாகச் சாம்பல் பூத்துக் கிடந்த மான், ஆறுக்குத் திருகியதும் தோளும் கழுத்துமாகத் துலங்கும். 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி இதைக் கொஞ்சம் கூட்டித் தரும்தான். ஆனால் ஆறு மடங்கில் அது தரும் 8.3 மில்லிமீட்டர் கற்றையை எந்தக் கண்ணும் முழுதாக வாங்கிக்கொள்ளாது. கூடுதல் காசைக் கண்ணாடியின் அகலத்துக்குக் கொடுப்பதைவிட, தரமான பூச்சுள்ள கண்ணாடிக்குக் கொடுக்கலாம்.

மசில்லோடருக்கென்றே விற்கும் ஸ்கோப்புகளில் குறுக்குக்கோட்டுக்குக் கீழே வட்டங்களோ சிறு கோடுகளோ இருக்கும். முதல் கோடு 150 கெஜம், அடுத்தது 200 என்று கணக்கு. நிக்கான் இப்படி ஒன்றை ஒமேகா என்ற பெயரில் விற்றது; 2019 முடிவில் அந்த நிறுவனம் ரைஃபிள் ஸ்கோப் தொழிலையே விட்டுவிட்டது. லியுபோல்டும் மற்றவர்களும் தங்கள் வடிவங்களை விற்கிறார்கள். வசதியான ஏற்பாடுதான். ஆனால் இந்த வகைப் பெரும்பாலான ஸ்கோப்புகளில் அந்தக் கோடுகள் உச்ச மடங்கில் மட்டும்தான் உண்மை பேசும். மாலை வெளிச்சம் போதாமல் ஒருவர் ஒன்பதிலிருந்து நாலரைக்குத் திருகிவிட்டு, 200 கெஜக் கோட்டை மானின் தோளில் வைத்துச் சுட்டால், அந்தக் கோடு இப்போது காட்டுவது இரட்டிப்பு இறக்கம். குண்டு முதுகுக்கு மேலே பறந்துவிடும். வெளிச்சத்துக்காக மடங்கை இறக்க வேண்டிய அதே நிமிடத்தில்தான் கோடுகள் பொய் சொல்ல ஆரம்பிக்கின்றன. பின்பருவக்காரருக்கு இதைவிட மோசமான கூட்டணி கிடையாது.

இதற்குப் பழைய ஆட்கள் வைத்திருக்கும் வழி சுலபமானது. 100 கெஜத்தில் இரண்டரை, மூன்று அங்குலம் மேலே படும்படி குறி பொருத்திவிடுவார்கள். 150 கெஜம் வரை கோடு, வட்டம் எதையும் யோசிக்காமல் நேரே தோளில் வைத்துச் சுடலாம். அதற்கு மேல் தூரத்தில் நிற்கும் மான், இன்னொரு நாளைக்கு உரிய மான்.

ஸ்கோப்பைப் பொருத்தும் வேலையைக் கோடைக்காலத்தில் டி-ஷர்ட்டோடு செய்பவர்கள் ஜனவரியில் திண்டாடுவார்கள். மூன்று அடுக்குத் துணியும் பஞ்சுக் கோட்டும் போட்டதும் துப்பாக்கிக் கட்டை தோளிலிருந்து ஒன்றரை அங்குலம் முன்னால் தள்ளிப்போகும். கண்ணும் அவ்வளவு பின்னால் போகும். முழு வட்டமாகத் தெரிய வேண்டிய காட்சி ஓரம் கறுத்த ஜன்னலாகச் சுருங்கும். கழுத்தை நீட்டிச் சரிசெய்யப் பார்த்தால் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பதம் பார்க்கும். கோட்டைப் போட்டுக்கொண்டே பொருத்துவதுதான் தீர்வு. உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பிய ஸ்கோப் உட்புறம் பனிக்காது. வெளிக்கண்ணாடியைப் பனிக்க வைப்பது பெரும்பாலும் ஆளின் சொந்த மூச்சுத்தான். மஃப்ளரை மூக்குவரை ஏற்றிக் கட்டியவர் விடும் சூடான மூச்சு நேரே மேலேறிக் கண்பக்கக் கண்ணாடியில் போய்ப் படியும்.

சுட்ட பிறகு? வெள்ளைப் புகை ஒரு போர்வை மாதிரி முன்னால் தொங்கும். காற்றில்லாத மாலையில் அது கலையவே சில நொடி ஆகும். மான் விழுந்ததா, ஓடியதா, எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த நொடிகளில்தான். அனுபவசாலிகள் விசையை இழுத்ததும் குனிந்து புகைக்குக் கீழே பார்ப்பார்கள். சுடுமுன்பே மான் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தையோ வேலிக்கம்பத்தையோ அடையாளம் வைத்திருப்பார்கள். பனியில் இரத்தச் சுவடு தெரிவது பின்பருவத்தின் ஒரே கருணை.

பயிற்சியும் இதற்கேற்ப இருக்க வேண்டும். ஒரே மதியத்தில் இருபது வெடி சுட்டு, சூடான குழலில் கிடைத்த நெருக்கமான துளைகளைப் படம் எடுத்து மாட்டுவதில் பயனில்லை. மான் எதிரில் நிற்கும்போது கிடைப்பது சில்லிட்ட, சுத்தமான குழலின் முதல் வெடிதான். ஐந்து நாள், நாளுக்கு ஒரு வெடி. அந்த ஐந்து துளைகளும் ஒரே தாளில் எங்கே விழுகின்றன என்பதுதான் அந்தத் துப்பாக்கியின் உண்மையான துல்லியம்.

கணக்கை முடித்துச் சொன்னால்: நடுத்தர விலையில், துருப்பிடிக்காத குழலுள்ள 0.50 இன்லைன், துப்பாக்கிக்குக் கொடுத்ததற்குக் குறையாத விலையில், குறுக்குக்கோடுகள் தடித்த 3-9×40 ஸ்கோப், ஈரத்துக்கு அஞ்சாத மருந்து, செம்புக் குண்டு ஒரு பெட்டி, இன்சுலேஷன் டேப் ஒரு சுருள். அயோவா, விஸ்கான்சின் பக்கம் குடியேறி, அக்கம்பக்கத்து நண்பர்களோடு பரண் ஏறும் ஆசை வந்திருக்கும் தமிழர்கள் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். ஆகஸ்டிலேயே குளிர்கோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர் யாராக இருந்தாலும், அயோவாவில் வேட்டை உரிமம் வாங்க வேட்டைக் கல்விப் பாடம் முடித்த சான்றிதழ் வேண்டும்.